கேட்டச்சினைப் பிரித்தெடுத்த கிரீன் டீ விஞ்ஞானி... மிச்சியோ சுஜிமுரா!

வாக்கிங் முடிச்சு வந்ததும் சர்க்கரை போடாத ஒரு கப் கிரீன் டீ. ஏன் என்று கேட்டால், `எடை குறையும், கேன்சர்கூட வராதாம்' என்று பதில் வரும். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் வேதிப்பொருளின் பெயர், கேட்டச்சின். கிரீன் டீயிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தவர், ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ சுஜிமுரா.

1888 செப்டம்பர் 17-ம் தேதி, சைட்டாமா மாகாணத்தின் ஒகேகவாவில் பிறந்தார். டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, அங்கே பாடம் எடுத்த உயிரியலாளர் கோனோ யாசுயிதான் அவருக்குள் ஆராய்ச்சி ஆசையை விதைத்தார். 1913-ல் படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியை ஆனார். ஆனால், அந்த ஆசை மட்டும் விடவே இல்லை.

சம்பளம் இல்லாத வேலை

1920-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்போது அங்கே பெண்களை மாணவிகளாகச் சேர்க்க மாட்டார்கள். சரி, உதவியாளராகவாவது இருக்கலாம் என்று, சம்பளமே இல்லாமல் ஆய்வகத்தில் சேர்ந்து பட்டுப்புழுக்களின் உணவு பற்றி ஆராய்ந்தார். 1922-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மாறினார். அடுத்த வருஷமே பெரும் நிலநடுக்கம். ஆய்வகம் அழிந்துபோனது.

அதன் பிறகு சேர்ந்த இடம், ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே உமெதாரோ சுசுகியின் ஆய்வகத்தில்தான் கிரீன் டீ அவர் கைக்கு வந்தது. 1924-ல், சக ஆய்வாளர் செய்தாரோ மியுராவுடன் சேர்ந்து கிரீன் டீயில் வைட்டமின் சி இருப்பதைக் கண்டறிந்தார். வட அமெரிக்காவுக்கு ஜப்பானின் தேயிலை ஏற்றுமதி கூடியதில் இதற்கும் பங்கு உண்டு.

1929-ல் கேட்டச்சின். நாம் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி இருக்கிறதே, அதிலிருந்து வந்த பெயர்தான் இது. கிரீன் டீயின் கசப்புக்கும் துவர்ப்புக்கும் முக்கியக் காரணம் இந்தக் கேட்டச்சின் குடும்பம்தான். இந்த ஆய்வுகளுக்காக, 1932-ல் ஜப்பானின் முதல் பெண் வேளாண் அறிவியல் டாக்டர் ஆனார். 1934-ல் கேலோகேட்டச்சினையும் பிரித்தெடுத்தார்.

புற்றுநோயைத் தடுக்குமா?

அந்தக் கேள்வி வந்தது, அவர் மறைந்து பல வருஷங்களுக்குப் பிறகு. 1987-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோட்டா ஃபுஜிகியின் குழு, அதே குடும்பத்தைச் சேர்ந்த இ.ஜி.சி.ஜி என்ற பொருள், எலிகளின் தோலில் கட்டி உருவாவதைக் குறைப்பதாகக் கண்டது. எதிர்பார்ப்பு எகிறியது.

ஆனால், மனிதர்கள் விஷயத்தில் முடிவு அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40,530 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. நிறைய கிரீன் டீ குடித்தவர்களிடம் இதய நோய் மரணங்கள் குறைவு. புற்றுநோய் மரணங்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் 142 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பும், புற்றுநோயைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றே முடித்தது.

அதனால், பிடித்திருந்தால் தாராளமாகக் குடிங்க. மாத்திரை வடிவில் வரும் கிரீன் டீ சாறு விஷயத்தில் மட்டும் உஷார். தினமும் 800 மில்லிகிராமுக்கு மேல் இ.ஜி.சி.ஜி எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், இதை எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்க; சில மருந்துகளின் வேலையை இது கெடுக்கக்கூடும்.

மிச்சியோ 1949-ல் டோக்கியோவின் ஒசானோமிசு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1956-ல் கிரீன் டீ ஆய்வுகளுக்காக ஜப்பான் வேளாண் அறிவியல் விருது கிடைத்தது. 1969 ஜூன் 1-ம் தேதி, 80 வயதில் மறைந்தார்.

மாணவியாகச் சேரக்கூட ஒரு பல்கலைக்கழகம் இடம் தராத பெண், இன்னொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நின்றார். ஒசானோமிசு என்ற பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தேநீருக்கான தண்ணீர்!