மூடிய கதவுகளுக்குள் ஏற்றப்பட்ட விளக்கு
புனித யோசப் வாஸ் அடிகளார்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஞாயிறுதோறும் ஆலய மணி ஒலிக்கின்றது. பெற்றோரும் பிள்ளைகளும் அச்சமின்றித் திருப்பலிக்குச் செல்கின்றனர். இதே மண்ணில், ஒரு கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடமளிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலம் ஒன்று உண்டு.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கரைத் தம் பகைவரின் நண்பர்களாகவே கருதினர். குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஆலயங்கள் பறிக்கப்பட்டன; திருமுழுக்கும் திருமணமும் தமது சீர்திருத்தச் சபையிலேயே நடைபெற வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லும் ஆட்சியே கிறிஸ்தவர்களை ஒடுக்கியது வேதனையான உண்மை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நம் முன்னோர் குருவானவரின்றி வாழ்ந்தனர்.

இச்செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் உள்ளத்தைத் தைத்தது. 1651 ஏப்ரல் 21ஆம் நாள் பெனோலிம் ஊரில் பிறந்து, 1676இல் குருத்துவத் திருநிலை பெற்ற யோசப் வாஸ் அடிகளாரே அவர். ஜோன் என்னும் பணியாளரோடு தூத்துக்குடியை அடைந்த அவர், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கரையிறங்கியபோது வயிற்றுக்கடுப்பு நோயினால் அவர் உடல் நலிந்திருந்தது. தேறியபின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரே அவர் தேடிவந்த மந்தை.

சில்லாலைக் கத்தோலிக்கர் அவரைத் தம்மிடையே மறைத்துக் காத்தனர். பகலில் ஒளிந்திருந்தவர், இரவில் திருப்பலி நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கினார். 1689 நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கசையடி பட்டனர். அடிகளார் அகப்படவில்லை.

பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தினுள் சென்ற அவர், 1692இல் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தினால் விலங்கிடப்பட்டார். ஆயினும் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியர் அவரது தூய வாழ்வைக் கண்டு, மறைப்பணியாற்றச் சுதந்திரம் அளித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மதம் பாராமல் அடிகளார் பேணினார். தாயகம் திரும்பாமலே 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். கத்தோலிக்கருக்கு எதிரான தடைகளை 1806இல் ஆங்கிலேய அரசு நீக்கியது. 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பர்களே, கிறிஸ்தவ ஆட்சியாளர் மறுத்த சுதந்திரத்தைப் பௌத்த மன்னர் ஒருவர் வழங்கினார் என்பதை நாம் மறத்தலாகாது. விசுவாச சுதந்திரம் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அன்று. விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஏற்றுள்ளது. எனினும், அடிகளார் பிறந்த அதே ஏப்ரல் 21ஆம் நாளில், 2019இன் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களில் செபித்துக்கொண்டிருந்தோர் குண்டுகளுக்குப் பலியாயினர். சட்டம் எழுதிய உரிமையை மனித உள்ளங்களும் காக்கவேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

அச்சத்தின் நடுவே நம் முன்னோர் குருவானவருக்குக் கதவு திறந்தனர். அச்சமின்றி ஆலயம் செல்லக்கூடிய நாம், சிறு சோம்பலுக்காகத் திருப்பலியைத் தவறவிடலாமா? அயலவரின் வழிபாட்டுக்கு இடையூறு நேரும்போது மௌனம் காக்கலாமா? இன்றிரவு குடும்பச் செபமாலையின்போது, உலகெங்கும் விசுவாசத்திற்காகத் துன்புறுவோரை நினைவுகூர்வோம், துன்புறுத்துவோருக்காகவும் மன்றாடுவோம்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.