டாக்டர் சாமர்வெல் சரிதை

தமக்கென வாழ்வார் உலகிற் பலர். பிறர்க்கென வாழ்வார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் நம் குமரி மாவட்ட மக்களின் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்ற டாக்டர் தியடோர் ஹவார்டு சாமர்வெல் அவர்களின் சரிதையை ஈண்டுச் சுருங்க வரையப் புகுகின்றோம்.

அன்னார் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கெண்டால் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்று இரண வைத்தியரானார். 1916-இல் நிகழ்ந்த சோம் போரிற் காயமுற்ற வீரர்க்கு அறுவை செய்தார். ஆங்குக் கண்ட துயரம் அவரைப் போரையே வெறுப்பவராக்கிற்று.

மலையேற்றத்திலும் ஓவியத்திலும் வல்லவராகிய அவர், 1922-இல் எவரெஸ்டு சிகரத்தை நாடிச் சென்ற குழுவிற் சேர்ந்திருந்தார். அம்முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில் இலண்டன் மிஷன் வைத்தியசாலையைக் கண்டார். காத்திருந்த பிணியாளரோ எண்ணிலர். அறுவை செய்வாரோ ஒருவர். அக்காட்சி அவர் நெஞ்சை உருக்கிற்று. இலண்டனிற் கிடைக்கவிருந்த உயர்பதவியைத் துறந்து, 1923-இல் நெய்யூர்க்கே ஊழியராய் வந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டு சென்று, பிராணவாயுக் கலத்தின் உதவியின்றி ஏறத்தாழ 28,000 அடி ஏறி, இறங்குங்கால் மூச்சடைத்து உயிர்போகுந் தறுவாயிற் பிழைத்தார். பிழைத்தவர் நாடிவந்ததும் நெய்யூரையே.

வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் இந்நாட்டில் மலிந்திருந்தது. சாமர்வெல்லும் அவர்தம் உடனூழியராகிய டாக்டர் ஆர் என்பாரும் அறுவைக் கத்தியையும் ரேடியத்தையும் கொண்டு அதனை எதிர்த்தனர். ஆர் அந்நோயைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழிற் கட்டுரை வரைந்தார்.

ஆயினும் கத்தியும் ரேடியமும் நோய் நின்ற இடத்தையே தீண்ட வல்லன. பெண்டிரை வருத்தும் மார்பகப் புற்றுநோயில் இக்குறை நன்கு புலனாகும். கட்டி சிறிதாயிருக்கும்போதே அதன் நுண்ணணுக்கள் இரத்தத்தோடு கலந்து எலும்பிலும் ஈரலிலும் ஒளிந்திருத்தல் கூடும். கட்டியை முற்றும் அகற்றியும் சிலர்க்கு ஆண்டுகள் கழிந்து நோய் மீள்வது இதனாலேயே.

சாமர்வெல் 1949 முதல் 1961 வரை வேலூரில் அறுவை வைத்தியம் கற்பித்து, 1975 ஜனவரி 23-இல் தாய்நாட்டிற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மறு ஆண்டிலேயே மிலான் நகரத்து டாக்டர் பொனடோனா, அறுவைக்குப்பின் மூன்று மருந்துகளைச் சேர்த்தளித்தால் நோய் மீள்வது குறையும் என்பதை உலகறியக் காட்டினார். இன்றும் அறுவை இன்றியமையாததே; அதனோடு உடல் முழுதுஞ் சென்று வேலைசெய்யும் மருந்துகளும் துணை நிற்கின்றன. ஹார்மோனால் வளரும் கட்டியாயின் தமாக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்தாண்டேனும் உண்ணத் தருவர். ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்ததாயின் கீமோதெரபியோடு டிராஸ்டூசுமாபையும் ஏற்றுவர். இவ்விரு வகையிலுஞ் சேராததற்குப் பெரும்பாலும் கீமோதெரபியே துணை. எல்லார்க்கும் எல்லாம் வேண்டுவதில்லை. கட்டியின் இயல்பும் பரவலும் நோக்கியே வைத்தியர் முடிவுசெய்வர்.

இம்மருந்துகள் நோயைத் தொடக்கத்திற் காட்டுவார்க்கே பெரும்பயன் அளிக்கும். வலியில்லாக் கட்டியை நாணத்தால் மறைத்தும், செலவுக்கு அஞ்சியும் நாட்களைப் போக்கும் தாய்மார் நம் ஊர்களில் இன்றும் உளர். அவர்தம் மக்களன்றோ இக்கல்லூரியிற் பயிலும் நாம்? வாயிலிற் காத்து நின்றாரைக் கண்டு ஓர் அந்நிய நாட்டார் தம் வாழ்வையே ஈந்தார். வாயிலை அடையாது வீட்டினுள் வருந்துவாரை அவ்வாயில்வரை அழைத்துச் செல்லுதல் நமக்கு அரிதாமோ?