இரசிகமணி டி.கே.சி.: இரசனையும் சான்றும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டின் தொட்டிக்கட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், தமிழன்பர்கள் கூடுவது வழக்கமாக இருந்தது. கூடிய இடத்தின் பெயரே கூட்டத்திற்கும் ஆகி, 'வட்டத்தொட்டி' என வழங்கலாயிற்று. அதன் நடுநாயகமாக விளங்கியவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

1882ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த டி.கே.சி., தென்காசியைச் சார்ந்த குடும்பத்தினர். சட்டம் பயின்றவர், சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகவும் பணியாற்றியவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை இப்பதவிகள் அல்ல. ஒரு பாடலைச் சொல்லிக் காட்டும் ஆற்றலே அவரை மக்கள் நெஞ்சில் நிறுத்தியது.

இலக்கணக் குறிப்புகளையும் அருஞ்சொற்பொருளையும் அடுக்கிக் கவிதையை விளக்குவது அவர் முறையன்று. பாடலை மெல்லச் சொல்வார்; மீண்டும் சொல்வார்; உணர்ச்சி எந்தச் சொல்லில் திரும்புகிறது, தாளம் எங்கே தயங்குகிறது என்பதைக் குரலாலேயே உணர்த்துவார். கருத்து மட்டும் கவிதையாகாது, உணர்ச்சி உரிய உருவம் பெறும்போதே கவிதை பிறக்கிறது என்பது அவர் கொள்கை. கேட்டோர் அதுவரை காணாத ஒன்றைக் கண்டனர். பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றோர் அவ்வாறு கண்டவர்களே.

இது ஒருவரின் சொந்தச் சுவையே அன்றி ஆய்வாகாது என்று புலமையுலகில் மறுப்பு எழுந்தது. அழகு காண்போர் உள்ளத்தில் மட்டுமே உள்ளதாயின் இம்மறுப்பு முழுவதும் சரியே. ஆனால் அவர் வாழ்வின் இரு நிகழ்ச்சிகள் வேறு விடை தருகின்றன.

முதலாவது, நாஞ்சில் நாட்டோடு தொடர்புடையது. தேரூரில் 1876இல் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றவர்களுள் டி.கே.சி. தலையாயவர். பசுவையும் கன்றையும் பற்றிய எளிய குழந்தைப் பாடலில், கன்றின் துள்ளலே தாளமாக அமைந்திருப்பதை அவர் செவி கேட்டது. அதே பாடல்களைப் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையும் போற்றினார். அவரோ சுவடி ஒப்பீட்டில் தோய்ந்தவர், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர், டி.கே.சி.யின் முறைக்கு நேர்மாறானவர். இருவேறு வழிகளில் வந்தவர்கள் ஒரே பாடலின் முன் நின்று மகிழ்ந்தனர். ஏடறியாக் குழந்தையும் மகிழ்ந்தது. பாடலிலேயே ஏதோ ஒன்று இல்லாமல் இவ்வொருமை நேர்ந்திராது.

இரண்டாவது, கம்பரைப் பற்றியது. பத்தாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இராமாயணத்தில், தம் செவிக்குக் கவிதையெனப் படாதவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கினார், சில சொற்களையும் மாற்றினார். அவர் இடறியது இங்கேதான். ஒரு பாடல் அழகியதா என்பதைச் சொல்லிக் காட்டலாம். கேட்போர் ஏற்கலாம், மறுக்கலாம். அதைப் பாடியவர் யார் என்பதைச் சுவடிகளே சொல்ல வேண்டும். பெருங்கவிஞரும் சில வேளை தளரப் பாடுவர். பெயரறியாப் புலவரும் ஒருகால் உயரப் பாடுவர்.

அழகு கண்டு தீர்ப்புரைப்பவர் அதை நிறுவ இயலாதெனினும், பிறரும் அதற்கு இசைய வேண்டுமென எதிர்பார்க்கிறார் என்பது செருமானிய மெய்யியலறிஞர் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலின் கருத்து. டி.கே.சி.யின் வாழ்க்கை அதற்கு நல்ல விளக்கம். வட்டத்தொட்டியில் அவர் தீர்ப்பைப் பலர்முன் வைத்தார். அங்கே அவர் சுவை பொதுச்சொத்தாயிற்று. பதிப்பில் அத்தீர்ப்பையே சான்றாக்கினார்; அங்கே அது தனிச்சுவையாகச் சுருங்கியது.

அவர் கொண்டாடிய கவிமணியிடம் இவ்விரண்டும் தத்தம் இடத்தில் இருந்தன. 1938இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுதியில் நெஞ்சின் வழி நடந்தவர், காந்தளூர்ச் சாலையை ஆராய்ந்தபோது கல்வெட்டின் வழி நடந்தார்.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார், அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும் மறைந்தார். டி.கே.சி. ஒதுக்கிய கம்பர் பாடல்கள் பிற பதிப்புகளில் இன்றும் வாழ்கின்றன. பாடலை நடுவில் வைத்து, நண்பர் சுற்றியிருந்து, வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்கும் வழக்கமும் வாழ்கிறது. அவர் விட்டுச்சென்ற செல்வம் அதுவே.