வால் நட்சத்திரம் கண்ட பாடகி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகளும் வில்லியம் ஹெர்ஷல் என்று விடை பகர்வார்கள். அவர் தொழிலால் ஓர் இசைவாணர் என்பதைச் சிலர் அறிவர். ஆனால் அவருடைய தங்கை கரோலின் ஹெர்ஷல் அம்மையார், இங்கிலாந்திலுள்ள பாத் நகரத்தின் இசையரங்குகளில் தலைமைப் பாடகியாய் விளங்கி, பின்னர் அந்த இசையையே துறந்து விண்ணாராய்ச்சியில் புகுந்த வரலாற்றை அறிந்தவர் மிகச் சிலரே. அவரது வாழ்க்கையை இங்கே சிறிது காண்போம்.

ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1750-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் கரோலின் பிறந்தார். தந்தை ஐசக் ஹெர்ஷல் காவற்படையின் இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர். ஓபோ என்பது நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் துளைக்கருவி. பட்டாளத்துச் சம்பளத்தில் பெரிய குடும்பத்தைக் காத்த அந்த மனிதர், தம் பிள்ளைகள் அனைவருக்கும் இசை கற்பித்தார். பனி கொட்டும் இரவொன்றில் சிறுமி கரோலினைத் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன் கூட்டங்களையும், அப்போது தோன்றியிருந்த ஒரு வால் நட்சத்திரத்தையும் காட்டினாராம். அந்தக் குழந்தை பிற்காலத்தில் எட்டு வால் நட்சத்திரங்களைக் காணப் போகிறது என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

தாயார் அன்னா எழுத்தறியாதவர். பெண்ணுக்குத் தையலும் பின்னலும் வீட்டு வேலையும் போதும் என்பது அவர் முடிவு. படிப்பு ஏறியதால்தான் ஆண்பிள்ளைகள் வீட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த அச்சத்தை எளிதில் எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. எழுத்து வாசம் இல்லாத வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் நுழையும்போது, பெற்றவர்களுக்கு இந்தக் கலக்கம் தோன்றுவது இயல்பே. ஆயினும் அதற்கு விலை கொடுத்தவர் கரோலின்தான். பத்து வயதில் கண்ட விஷக்காய்ச்சல் அவர் வளர்ச்சியைத் தடுத்துவிட்டது. முழு வயதிலும் அவர் உயரம் 4 அடி 3 அங்குலமே. அழகும் இல்லை, பொருளும் இல்லை, ஆகவே உன்னை மணக்க யாரும் வரமாட்டார்கள் என்று அன்புள்ள தந்தையே சொல்லிவிட்டார். தாயார் வெளியே சென்ற வேளைகளில் மட்டும் தந்தை அவருக்கு இரகசியமாக வயலின் சொல்லிக்கொடுத்தார். 1767-இல் அந்தத் தந்தையும் மறைந்தார்.

அண்ணன் வில்லியம் பன்னிரண்டு வயது மூத்தவர். 1757-இலேயே இங்கிலாந்து சென்று, 1766 முதல் பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்திருந்தார். தங்கையைப் பாடகியாக்கித் தம் கச்சேரிகளில் பாட வைக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. அதைக் கேட்டது முதல் கரோலின் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். எப்படி? வாயில் துணியை அடைத்துக்கொண்டு, வயலின் தனிப்பகுதிகளைத் தொண்டையால் பாடிப் பழகினார்! பாடும் ஓசை கேட்டால் வீட்டில் ஏச்சு விழும் அல்லவா? அத்தோடு நில்லாமல், தாம் போனபின் வீட்டார் சிரமப்படக் கூடாதென்று, இரண்டாண்டுக்குக் காணும்படி காலுறைகளைப் பின்னி வைத்தார். மகளுக்குப் பதிலாக வேலைக்காரி வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே தாயார் விடைகொடுத்தார். 1772 ஆகஸ்டில் இருவரும் புறப்பட்டனர். ஆறு நாள் திறந்த வண்டியில் பயணம். வழியில் கரோலினின் தொப்பி காற்றில் பறந்து கால்வாயில் விழுந்தது. கடலிலோ புயல்.

பாத் நகரம் அக்காலத்தில் வெந்நீர் ஊற்றில் நீராடவும் பொழுதுபோக்கவும் செல்வர்கள் கூடிய இடம். ஆங்கிலம் அறியாமல் அங்கே வந்திறங்கிய கரோலினுக்கு வில்லியம் நாளுக்கு இரண்டு மூன்று முறை பாட்டுப் பாடம் நடத்தினார். ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். வீட்டு வரவுசெலவும் அவர் பொறுப்பு. மொழி தெரியாத ஊரில் தனியே சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதே முதலில் ஒரு பரீட்சையாக இருந்தது.

வில்லியம் நடத்தியவற்றுள் பெரிய கச்சேரிகள் ஆரட்டோரியோ என்னும் வகையைச் சேர்ந்தவை. விவிலியக் கதையை நடிப்பும் வேடமும் இன்றிப் பாடியே சொல்வது ஆரட்டோரியோ. தனித்துப் பாடுவோர் சிலர், கூடிப் பாடும் கூட்டம் ஒன்று, வயலின் முதல் முரசு வரை வாத்தியக் குழு ஒன்று, இத்தனையும் ஒரே நேரத்தில் இசைய வேண்டும். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் போக்கைக் கேட்டு உடன் வாசிக்கிறார். அங்கே அப்படியன்று. ஒவ்வொருவரும் தமக்கென எழுதிய ஏட்டை வைத்துக்கொண்டு அதிலுள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒருவர் ஏட்டில் ஓர் அளவு விடுபட்டாலும் அவர் பகுதி குலைந்துவிடும். இன்றுபோல் படியெடுக்கும் இயந்திரம் அன்று ஏது? ஹாண்டலின் மெசையா, யூதாஸ் மக்கபேயஸ் ஆகிய நூல்களைப் பிரித்து, ஏறத்தாழ நூறு பேர் கொண்ட குழுவுக்குக் கையால் ஏடெழுதியவர் கரோலின். சாம்சன் என்ற இன்னொரு நூலின் பாட்டுப் பகுதிகளையும் அவரே எழுதினார். உச்சக்குரல் பாடுவோருக்குப் பயிற்சி கொடுத்ததும் அவரே. அந்த உச்சக்குரல் அணிக்கு முதல் பாடகியும் அவரே. கைதட்டல் பெறும் தனிப்பாடகர்களுக்குப் பின்னால், இராக்கண் விழித்து ஏடெழுதும் இப்படி ஒருவர் எந்த இசைக்குழுவிலும் இருப்பார் போலும். இங்கே இருவரும் ஒருவராகவே இருந்தது வியப்பு.

அந்த நகரத்து ரசிகர்களைத் திருப்திப்படுத்துவது எளிதன்று. அங்கே புகழ்பெற்ற எலிசபெத் லின்லி என்ற பாடகி பாடிய மேடை அது. அவர் 1773-இல் நாடகாசிரியர் ஷெரிடனை மணந்ததும், கணவர் விருப்பப்படி மேடையைத் துறந்தார். அப்படிப்பட்ட ஊரில் 1778-ஆம் ஆண்டு மெசையாவில் கரோலின் தலைமைப் பாடகியாய்ப் பாடிப் பாராட்டுப் பெற்றார். அதைத் தொடர்ந்து பர்மிங்காம் நகர இசைவிழாவில் பாட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தும் கச்சேரி தவிர வேறெங்கும் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார். தம் காலில் தாமே நிற்க வாய்த்த வழி அது. அன்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம், படிக்கும் நமக்கு எழாமல் இல்லை.

ஏனென்றால் அதற்குள் வில்லியத்தின் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. தொலைநோக்கி வாங்கப் பணமில்லாததால் தாமே செய்யத் தொடங்கியிருந்தார். வரவேற்பறையில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறையில், செல்லோ வாசிக்கும் சகோதரர் அலெக்சாந்தர் கடைசல் இயந்திரத்தை வைத்தார். கச்சேரி உடையைக் கூடக் களையாமல் வில்லியம் வேலையில் இறங்குவார். சரிகைக் கைம்மடிப்புகள் கிழிந்தும் கீல் தெறித்தும் போயின. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி வார்த்து, நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் குழியாடி போலத் தேய்த்தெடுக்க வேண்டும். தேய்ப்பை நடுவில் நிறுத்தினால் பரப்பு கெடும். ஒருமுறை பதினாறு மணி நேரம் கையெடுக்காமல் தேய்த்த அண்ணனுக்குக் கரோலின் உணவைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டினார். அலுப்பு தெரியாதிருக்கக் கதைப் புத்தகங்கள் படித்தார். வார்ப்பு அச்சுக்கு வேண்டிய குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்ததும் அவர் கைகளே. 1781 ஆகஸ்டில் மூன்றடி ஆடி வார்த்தபோது உலை ஒழுகி, உருகிய உலோகம் தரையில் ஓட, கற்கள் வெடித்துப் பறந்தன. எல்லோரும் உயிர்தப்ப ஓடினார்கள்.

அதற்குச் சில மாதம் முன்னர், 1781 மார்ச் 13 இரவில், வில்லியம் யுரேனஸைக் கண்டிருந்தார். 1782-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் அளித்தார். இசைத் தொழிலில் ஈட்டியதைவிட அது குறைவு. ஆனாலும் வில்லியம் தயங்கவில்லை. அவ்வாண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் அண்ணனும் தங்கையும் கடைசியாக இசை நடத்தினர். கரோலினுக்கு அப்போது வயது 32. குரல் கனிந்து வந்த பருவம். பாட்டை விட அவருக்கு விருப்பமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் டாட்செட் என்னும் ஊரில் ஒழுகும் கூரையுள்ள வீட்டுக்குக் குடிபோயினர். ஒரு சிறு தொலைநோக்கியைக் கொடுத்து வானத்தைத் துழாவிப் பார் என்றார் அண்ணன். ஆளரவமற்ற பனிப்புல்லில் தனியே நிற்பது முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

பிடிக்காமல் தொடங்கிய வேலையில் அவர் காட்டிய ஊக்கம் பெரிது. 1783-இலேயே புதிய விண்மீன் கொத்துகளையும், இன்று என்.ஜி.சி. 253 என வழங்கும் அண்டத்தையும் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 31 இரவு, பனியில் ஓடியபோது தொலைநோக்கியின் இரும்புக் கொக்கி தொடையில் பாய்ந்து சதையைப் பிய்த்துவிட்டது. பிற்பாடு அதை நினைவுகூர்ந்தபோது, அன்றிரவு மேகம் மூடிவிட்டதால் அண்ணன் வேலைக்கு நட்டமில்லை என்று ஆறுதல் கொண்டாராம்!

இரவில் வில்லியம் தொலைநோக்கியருகே நின்று கண்டதை உரக்கச் சொல்வார். ஜன்னலருகே கடிகாரத்தோடு அமர்ந்து கரோலின் நேரமும் இடமும் குறிப்பார். பகலில் கணக்கிட்டுப் படியெழுதுவார். 2,500 நெபுலாக்களும் கொத்துகளும் இவ்வாறு மூன்று பட்டியல்களில் 1786-க்கும் 1802-க்கும் இடையே வெளியாயின. பெருக்கல் வாய்ப்பாடு அவருக்கு மனப்பாடம் இல்லை. ஒரு தாளில் எழுதி உடன் வைத்துக்கொண்டே இத்தனை கணக்கும் போட்டார். வாய்ப்பாட்டுக்கு அஞ்சும் நண்பர்கள் கவனிக்க!

1786 ஆகஸ்ட் 1. வில்லியம் ஜெர்மனி சென்றிருந்த சமயம். மங்கலான புதிய பொருள் ஒன்று கரோலினின் கண்ணில் பட்டது. நெபுலாவும் வால் நட்சத்திரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மறுநாள் இடம் பெயர்ந்திருந்தால்தான் வால் நட்சத்திரம். மறுநாள் அது பெயர்ந்திருந்தது. வால் நட்சத்திரம் கண்ட பெண்மணி என்று ஐரோப்பா முழுதும் அவர் பெயர் பரவியது. 1797 வரை எட்டு வால் நட்சத்திரங்கள் கண்டார். 1788-இல் கண்ட ஒன்றை, அது திரும்பி வந்த 1939-இல் ரிகோலே என்பவர் மறுபடி கண்டார். ஆகவே அது இருவர் பெயராலும் வழங்குகிறது. எட்டாவதைக் கண்ட இரவில், ஒரு மணி நேரமே உறங்கிவிட்டுக் குதிரையேறி, கிரீன்விச் ஆய்வுக்கூடத் தலைவர் மாஸ்கெலினிடம் நேரில் போய்ச் சொன்னார். வயது 47!

1787-இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் தந்தார். தம் விருப்பம்போல் செலவு செய்ய உரிமையுள்ள முதல் பணம் அது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். பாடகியாய் இருந்தபோது கிடைக்காதது அது. மறு ஆண்டு வில்லியம் திருமணம் செய்துகொண்டார். வீட்டுச் சாவிகளை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு வேறு இடத்தில் தங்கினார் கரோலின். அதற்குப் பிந்திய பத்தாண்டு நாட்குறிப்புகளை அவரே அழித்துவிட்டார். அவற்றில் என்ன கசப்பு இருந்ததோ! பின்னாளில் அண்ணியிடமும், அண்ணன் மகன் ஜானிடமும் அவர் காட்டிய பாசம் உண்மையானது. ஃபிளாம்ஸ்டீடின் விண்மீன் அட்டவணையைத் திருத்தி, விடுபட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன்களைச் சேர்த்து அவர் ஆக்கிய நூலை 1798-இல் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

1822-இல் வில்லியம் மறைந்ததும், துயரத்தில் அவசரப்பட்டு ஹானோவர் திரும்பினார். உயர்ந்த வீடுகள் வானத்தை மறைத்தன. எனினும் ஜானுக்காக நெபுலாக்கள் அனைத்தையும் புதிய முறையில் அட்டவணைப்படுத்தினார். அதற்காக 1828-இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. அடுத்து ஒரு பெண் அப்பதக்கத்தைப் பெற்றது 1996-இல். அவர் வேரா ரூபின்.

முதுமையிலும் இசையரங்குகளுக்குச் செல்வதை அவர் விடவில்லை. 97-ஆவது பிறந்த நாளன்று பட்டத்து இளவரசரும் இளவரசியும் காண வந்தபோது, இரண்டு மணி நேரம் உரையாடி, வில்லியம் இயற்றிய ஒரு பாடலையும் அவர்களுக்குப் பாடிக் காட்டினார். 1848 ஜனவரி 9-இல் காலமானார். அவர் விருப்பப்படி சவப்பெட்டியில் அண்ணனின் தலைமயிர்க் கற்றை ஒன்றையும், ஓபோ வாசித்த தந்தை பயன்படுத்திய, எழுத்து மங்கிய பழைய பஞ்சாங்கம் ஒன்றையும் வைத்து அடக்கம் செய்தார்கள்.