யசோதையாய் நின்ற பட்டர்பிரான்

ஆழ்வார்கள் பன்னிருவருள் பெரியவர் என்னும் அடைமொழியைத் தமக்கே உரியதாகப் பெற்றவர் ஒருவரே. வயதினாலோ, பாடிய பாசுரங்களின் தொகையினாலோ அவருக்கு அப்பெருமை வாய்க்கவில்லை. ஏனைய ஆழ்வார்கள் எம்பெருமானிடம் தமக்குக் காப்பு வேண்டி நின்றார்கள். இவரோ எம்பெருமானுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சி, அவனுக்குக் காப்பிட்டார். இந்த அச்சமே அவருடைய திருவுள்ளத்தைத் திறக்கும் திறவுகோல். பிள்ளை பெற்றவர் எவர்க்கும் இவ்வச்சம் புதிதன்று. தொட்டிலில் உறங்கும் மகவின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகின்றதா என்று பார்க்காத தாய் உண்டோ? அத்தகைய தாயின் நெஞ்சைத் தாங்கிப் பிறந்த ஆடவர் பெரியாழ்வார். திருவிழாக் காண வந்துள்ள அன்பர்கள், குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து கொண்டு திருவீதிகளில் நிற்கும் இவ்வேளையில், அப்பெருந்தகையின் திருச்சரிதத்தை நினைப்பது பொருத்தமாகும்.

பாண்டிய நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில், வேயர் குலத்தில், முகுந்தாசாரியருக்கும் பதுமவல்லியாருக்கும் திருமகனாராய், ஆனி மாதம் சுவாதித் திருநாளில், கருடனின் அம்சமாக அவதரித்தருளினார் என்பது குருபரம்பரை வழக்கு. பெற்றோர் இட்ட திருநாமம் விஷ்ணுசித்தர். அவர் எக்காலமும் திருமாலையே சிந்தையில் வைத்திருந்தமையால் அப்பெயர் பொருளுடையதாயிற்று. சாத்திரங்களை ஓதிப் பெரும்புலமை எய்த வேண்டும் என்ற நாட்டம் அவருக்கு இருந்ததில்லை. கண்ணன் மதுராபுரியில் மாலாகாரர் என்னும் பூக்கட்டுவாரின் இல்லத்துக்குத் தானே வலியச் சென்று மாலை வேண்டிப் பெற்றான் என்னும் வரலாற்றைக் கேட்டிருந்தார். அவ்வெம்பெருமானுக்குப் பூவினும் உகந்த பொருள் வேறில்லை என்று துணிந்தார். நிலம் திருத்தி, நந்தவனம் அமைத்து, நீர் இறைத்து, நாள்தோறும் மாலை தொடுத்து, அவ்வூர்த் திருக்கோயிலில் பள்ளிகொண்டருளும் வடபத்ரசாயிக்குச் சாத்தி வந்தார்.

வடபத்ரசாயி என்பதன் பொருளை இங்கே சிறிது நினைவிற் கொள்ள வேண்டும். பிரளய வெள்ளத்தில் ஆலிலையின்மேல், தன் கால்விரலைத் தானே வாயில் வைத்துச் சுவைத்துக் கிடந்த பாலகன் என்பதே அப்பொருள். ஆழ்வார் காலையும் மாலையும் பூச்சூட்டி வந்த தெய்வத்தின் பெயரிலேயே ஒரு கைக்குழந்தை கிடந்தது. அவர் பின்னாளில் பாடிய பாட்டுக்கெல்லாம் வித்து அங்கேயே விழுந்துவிட்டது என்று அடியேன் எண்ணுவதுண்டு.

மதுரையில் அரசு புரிந்த வல்லபதேவ பாண்டியன் பரதத்துவம் இன்னது என நிலைநாட்டுவோர்க்கு அளிக்கவென்று பொற்கிழி கட்டுவித்ததும், செல்வநம்பி என்னும் அமைச்சர் அதற்கு முன்னின்றதும், எம்பெருமான் ஆழ்வாரின் கனவில் தோன்றிச் செல்லுமாறு பணித்ததும் அன்பர்கள் அறிந்த செய்திகளே. கல்லாதவன் யான் என்று தயங்கிய விஷ்ணுசித்தர், அவையேறியதும் வேதப்பொருளை மடைதிறந்தாற்போல் எடுத்துரைத்தார். பொற்கிழி தானே வளைந்து கொடுத்தது. அரசன் அவருக்குப் பட்டர்பிரான் என்று பட்டமளித்து, பட்டத்து யானையின்மீது ஏற்றி நகர்வலம் செய்வித்தான். மகன் சிறப்பெய்துவதைக் காணவரும் பெற்றோரைப்போல, எம்பெருமானும் பிராட்டியோடு கருடன்மேல் வானில் எழுந்தருளிக் காட்சி தந்தான்.

இவ்விடத்தில் வேறொருவராயின் தமக்கு வந்த பெருமையை எண்ணிப் பூரித்திருப்பர். அல்லது வீடுபேறு வேண்டியிருப்பர். ஆழ்வாரோ திடுக்குற்றார். கண்ணேறு படக்கூடிய இம்மண்ணுலகில், காலத்துக்கு வசப்பட்ட இத்தனை பேர் நடுவில், இத்துணை அழகோடு இவன் வெளிப்பட்டு நிற்கிறானே, என்ன நேருமோ என்று நெஞ்சு பதைத்தது. யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு, அவன் பல்லாண்டு வாழ வேண்டும் என்று பாடத் தொடங்கினார். அந்தப் 12 பாசுரங்களே திருப்பல்லாண்டு. நாதமுனிகள் தொகுத்த நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் தொடக்கத்தில் நின்று, இன்றும் திருக்கோயில்களில் முதலில் சேவிக்கப்படுவது அதுவே. காப்பவனையே காக்கப் புகுந்த இப்பரிவு பேதைமையன்றோ என்று ஐயுறுவார் தம் வீட்டுத் தாய்மாரைக் கேட்டறிவாராக. மகன் எத்துணை வலியவனாயினும், வெளியூர் புறப்படும்போது அவன் நெற்றியைத் தடவி அனுப்புவது அவர்கள் இயல்பு.

வில்லிபுத்தூர் திரும்பிய ஆழ்வார் மீண்டும் மண்வெட்டியையும் பூக்குடலையையும் கையிலெடுத்தார். அதன்பின் அருளிச்செய்தது 461 பாசுரங்கள் கொண்ட பெரியாழ்வார் திருமொழி. அதில் அவர் யசோதைப் பிராட்டியாகவே ஆகிவிடுகிறார். கண்ணன் பிறந்த நாள் முதல், நாள்தோறும் குழந்தையிடம் காணும் மாறுதலை அருகிருந்து பார்க்கும் தாயின் கண்ணோடு பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார்.

திருக்கோட்டியூரை ஆயர்பாடியாகப் பாவித்து, அங்கே பிள்ளை பிறந்த ஆரவாரத்தோடு தொடங்குகிறது திருமொழி. ஆயர்கள் எண்ணெயையும் சுண்ணப் பொடியையும் ஒருவர்மேல் ஒருவர் தூவி ஆடுகின்றனர், முற்றம் சேறாகிறது. பின்னர் நீராட்டு. கையையும் காலையும் நீட்டி நிமிர்த்து, காய்ச்சிய நீரால் பதமாகக் குளிப்பாட்டி, பசுமஞ்சளால் நாவை வழிக்கும்போது பிள்ளை வாயைத் திறக்கிறது. அங்கே ஏழுலகும் தெரிகின்றன. உலகத்தைக் கண்ட வியப்பைக் காட்டிலும், நாவழிக்கும் அந்த விரலின் பக்குவமே படிப்பவர் மனத்தில் நிற்கும். பேறுகாலம் பார்த்த முதிய பெண்டிரிடம் கேட்டறிந்தாற்போன்ற நுட்பம் அது.

பன்னிரண்டாம் நாள் கழிந்ததும் தாயின் முறையீடு வந்துவிடுகிறது. தொட்டிலில் இட்டால் அது கிழியும்படி உதைக்கிறான். தூக்கி இடுப்பில் வைத்தால் இடுப்பு முறிகிறது. இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். எனக்குத் தாங்கும் வலுவில்லை, இளைத்துப் போனேன் என்று அண்டை வீட்டாளிடம் சொல்லிக்கொள்கிறாள். இது குறைகூறுவதுபோல் ஒலிக்கும் பெருமிதம் என்பதைப் பெற்றவர் அறிவர்.

அடுத்து, அவள் ஊர்ப்பெண்டிரையெல்லாம் அழைத்துத் திருவடி முதல் திருமுடி வரை ஒவ்வோர் உறுப்பாகக் காட்டுகிறாள். இப்பகுதி 21 பாசுரங்கள். இங்கே முதலாவதாகக் காட்டப்படுவது, குழந்தை தன் இருகையாலும் பிடித்து வாயில் வைத்துச் சுவைக்கும் பாதம்! சில மாதக் குழந்தை தன் காலைத் தானே கண்டுபிடிக்கும் அந்த நாள் எல்லா வீட்டிலும் வருவது. வில்லிபுத்தூர்க் கருவறையில் கண்ட ஆலிலைப் பிள்ளையும், ஆயர்பாடித் தொட்டிலில் கிடந்த பிள்ளையும், நம் வீட்டுப் பாயில் கிடக்கும் பிள்ளையும் அந்த ஒரு செயலில் ஒன்றாகி விடுகின்றனர்.

தாலாட்டு வருகிறது. பிரமன் பொன்தொட்டில் அனுப்ப, ஏனைய தேவர்கள் அரைவடமும் கிண்கிணியும் பிறவும் அனுப்புகின்றனர். பின்னர்ப் பிள்ளை புழுதியில் தவழ்ந்து சென்று நிலவைக் காண்கிறது. கடைவாயில் உமிழ்நீர் ஒழுக, தெளியாத மழலையால் அதைக் கூவி அழைக்கிறது. தாய் நிலவிடம் பரிந்து பேசுகிறாள். பிறகு அவளுக்கே கவலை தோன்றுகிறது. குழந்தைக்கு உறக்கம் வந்துவிட்டது, கொட்டாவி விடுகிறான், உறங்காவிடில் உண்ட பால் செரிக்காதே, ஆகவே விரைந்து வா என்று நிலவை நெருக்குகிறாள். தண்டும் சக்கரமும் ஏந்திய திருக்கரங்களைச் சொன்ன அதே மூச்சில் கொட்டாவியையும் செரிமானத்தையும் சொல்ல இவர் ஒருவரால்தான் இயன்றது.

கையூன்றி நிமிர்ந்து தலையை அசைத்தாடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி ஆகியவற்றைக் கடந்து தளர்நடைக்கு வரும்போது ஆழ்வாரின் கண்கள் இன்னும் கூர்மை அடைகின்றன. செவ்வானத்தில், கிளை நுனியில் அரும்பும் இளம்பிறைபோலச் சிவந்த வாயில் முதற்பல் முளைத்துத் தெரிகிறது. கருப்பஞ்சாற்றுக் குடத்தைத் திறந்தாற்போல வாய்நீர் ஊற, கலகலவென்று சிரித்து வந்து முத்தம் தருகிறான். வெண்புழுதியை மேலெல்லாம் பூசிக்கொண்ட யானைக்கன்றுபோல் வருகிறான். அடிவைக்கும் இடமெல்லாம் சங்கும் சக்கரமும் மண்ணில் முத்திரையாய்ப் பதிகின்றன. நடக்க நடக்கச் சிறுநீர் துளித்துளியாய்ச் சொட்டுகிறது; அதைக் கங்கையினும் மேலான தீர்த்தம் என்று கொண்டாடுகிறார். இதைப் படித்து முகம் சுளிப்பவர் பிள்ளை வளர்க்காதவராகவே இருத்தல் வேண்டும். பின்னிருந்து ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை தாயின் ஆடையை நனைப்பதையும் அவர் விடவில்லை.

பிற்காலப் புலவர்கள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களை வகுத்துப் பிள்ளைத்தமிழ் என ஓர் இலக்கிய வகையையே அமைத்தார்கள். முழுமையாகக் கிடைப்பனவற்றுள் பழையதான ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் 12-ஆம் நூற்றாண்டினது. ஆழ்வாரின் பாசுரங்கள் அதற்கு முற்பட்டவை. பின்னவர்க்கு இது இலக்கணம் ஆயிற்று. ஆழ்வாருக்கோ வீட்டில் நடந்த செய்தி.

வளர வளரக் கவலையும் வளர்கிறது. இரவும் உண்ணாமல் உறங்கிவிட்டான், மறுநாள் உச்சிப்பொழுதும் ஆயிற்று, வயிறு தளர்ந்திருக்குமே என்று பால் சுரந்த மார்போடு தாய் அழைக்கிறாள். காது குத்தும் பகுதியில் கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களையும் சொல்லிச் சொல்லிக் கெஞ்சுகிறாள்: மற்ற ஆயச்சிறுவரெல்லாம் காது வளர்த்துத் திரிகிறார்கள் பார், பலாப்பழம் தருகிறேன், வலிக்காமல் திரியிடுகிறேன். வெண்ணெய் நாற்றமும் புழுதியுமாய் இன்றிரவு படுக்க விடமாட்டேன் என்று எண்ணெயும் புளியும் வைத்துக்கொண்டு நெடும்பொழுது காத்திருக்கிறாள். நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். பூச்சூட்ட அழைக்கும் பகுதியில் செண்பகம், மல்லிகை, பாதிரி, புன்னை, இருவாட்சி என்று மலர்கள் வரிசையாக வருகின்றன. இங்கே யசோதையின் குரலுக்குள்ளிருந்து நந்தவனத்துக்காரர் எட்டிப்பார்க்கிறார். அந்தி மயங்கும் வேளையில் வெளியில் நிற்காதே, வந்து காப்பிட்டுக்கொள் என்று திருவெள்ளறைப் பெருமானை அழைப்பதும், கன்று மேய்க்க அனுப்பிய நாளில் குடையும் செருப்பும் கொடுக்காமல் போனேனே என்று வெயிலை நினைந்து நைவதும், யானைமேல் இருந்து பல்லாண்டு பாடிய அதே நெஞ்சம்தான்.

இத்திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி ஓலைகள் பழுதுற்றுப் போய்விட்டது. மணவாளமாமுனிகள் (1370–1443) மறைந்த பகுதிக்கு மட்டும் தாம் உரை வரைந்து, பழைய உரை கிடைக்கும் இடம் வந்ததும் எழுத்தாணியை வைத்துவிட்டார் என்பர். தொட்டிலும் தளர்நடையும் அமைந்த பகுதிகளுக்கு இன்று நாம் சேவிப்பது மாமுனிகளின் உரையே.

பிறர் பிள்ளையை இவ்வளவு கொண்டாடியவருக்கு எம்பெருமான் ஒரு பிள்ளையைத் தந்தான். ஆடிப்பூர நன்னாளில், தாம் கொத்திக்கொண்டிருந்த துளசிப் பாத்தியில் பெண்மகவு ஒன்றைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கண்ணனின் தளர்நடையை நெஞ்சாரக் கண்டவர், கோதையின் தளர்நடையைக் கண்ணாரக் கண்டார். அவள் சூடிக் களைந்த மாலையையே எம்பெருமான் விரும்பியதும், 173 பாசுரங்களை அவள் பாடியதும், திருவரங்கத்துக்குப் பல்லக்கில் சென்று பெரிய பெருமாளோடு கலந்ததும் யாவரும் அறிவர். அதன்பின் வெறுமையான வீட்டுக்குத் திரும்பிய தந்தையை நாம் அதிகம் நினைப்பதில்லை.

திருமொழியில் ஒரு பகுதி உண்டு. தலைவனோடு சென்றுவிட்ட மகளை எண்ணித் தாய் புலம்புவதாக அமைந்தது. பனி பெய்து இதழும் தாதும் உதிர்ந்த தாமரைக் குளம்போல வீடு பொலிவிழந்தது என்கிறாள். ஒரே மகளை உடையவள் யான், அவளைத் திருமகள்போல் வளர்த்தேன், அவன் கொண்டு போய்விட்டான் என்கிறாள். பிறகு ஒரு கேள்வி பிறக்கிறது: பெரும்பிள்ளையைப் பெற்ற அந்த யசோதை, என் மகளைக் கண்டு மகிழ்ந்து, மருமகளுக்குச் செய்ய வேண்டிய சிறப்பெல்லாம் செய்வாளோ? அத்தனை காலம் யசோதையாகவே இருந்தவர், இப்போது பெண்ணைக் கொடுத்த வீட்டார் நின்று கலங்கும் இடத்தில் நின்று, யசோதையின் முகத்தைப் பார்க்கிறார்.

ஆழ்வார் தம் இறுதிக் காலத்தில் திருமாலிருஞ்சோலை சென்று, அங்கேயே திருநாடு அலங்கரித்தார். அவர் கண்டெடுத்த துளசி வனம் வில்லிபுத்தூரில் இன்றும் சேவிக்கக் கிடைக்கிறது. ஆண்டாள் சந்நிதிக்குச் செல்வோர் மூலத்தானத்தைச் சற்று நிதானித்துச் சேவிக்க வேண்டும். பிற திருத்தலங்களில் எதிரே நிற்கும் கருடாழ்வார், அங்கே ரங்கமன்னாருக்கும் ஆண்டாளுக்கும் அருகில், ஒரே ஆசனத்தில், கைகூப்பி நிற்கிறார். கருடனின் அம்சமே பெரியாழ்வார் என்பது நம் பெரியோர் வழக்கு.