டிராகுலா நடிகரைப் பிடித்த பேய்

பகலில் சவப்பெட்டிக்குள் தூங்கும்; இரவானதும் எழுந்து வந்து மனிதர்களின் ரத்தத்தைக் குடிக்கும். அதுதான் டிராகுலா என்ற பேய்! 1931-ல் வெளிவந்த "டிராகுலா" படத்தில் அந்தப் பேயாக நடித்து, பார்த்தவர்களை நடுங்க வைத்தவர் பேலா லுகோசி.

ஊரையே பயமுறுத்திய இந்த நடிகரை ஒரு சின்ன ஊசி சுமார் 20 ஆண்டுகள் ஆட்டிப்படைத்தது.

லுகோசி அங்கேரி நாட்டுக்காரர். 1882-ல் பிறந்தார். முதல் உலகப் போரில் சண்டைக்குப் போய்க் காயம் அடைந்தார். 1920-ல் அமெரிக்கா வந்தபோது அவருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. வசனத்தின் பொருள் புரியாமல், ஓசையை மட்டும் மனப்பாடம் செய்து மேடையில் பேசினார். 1927-ல் நியூயார்க்கில் டிராகுலா நாடகம், பிறகு சினிமா. புகழ் வந்தது.

வலியும் வந்தது. இடுப்பில் தொடங்கிக் கால்வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலி. டாக்டர்கள் "மார்பின்" ஊசி போட்டார்கள்.

மார்பின், அபினில் இருந்து எடுக்கும் மருந்து. வலியைச் சட்டென்று அடக்கும். ஆனால் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நேற்றுப் போட்ட அளவு இன்று போதாது. திடீரென்று நிறுத்தினாலோ வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் குடையும், தூக்கம் போய்விடும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே மறுபடியும் ஊசியைத் தேடுவார்கள். லுகோசி பிற்பாடு "மெத்தடோன்" என்ற மருந்துக்கு மாறினார். அதுவும் அதே இனம்தான்!

வெறும் ஊசி

அவருடைய மனைவி லில்லியன் கெட்டிக்காரப் பெண். ஊசி போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மருந்தே இல்லாத வெறும் ஊசியைக் குத்தினார். லுகோசி விடுபட்டுவிட்டார்! இதை லுகோசியே பிறகு சொல்லியிருக்கிறார்.

ஆனால் 1953-ல் விவாகரத்து நடந்தது. மகனும் தாயோடு போய்விட்டான். பட வாய்ப்புகளும் குறைந்துவிட்டன. மனம் உடைந்த லுகோசி, மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தார்.

கோர்ட்டில்

1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். எலும்பும் தோலுமாக இளைத்துப்போன 72 வயதுக் கிழவர், லாஸ் ஏஞ்சல்சில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தாமாகவே போனார். தம்மை வைத்துக் குணப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. பத்திரிகைகள் படத்துடன் செய்தி போட்டன. இப்படிப்பட்ட பழக்கத்தை நடிகர்கள் மூடி மறைத்த காலம் அது. லுகோசியோ எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். டிராகுலாவாக நடிப்பதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

நீதிபதி அவரை நார்வாக் என்ற ஊரில் உள்ள அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே அவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. எழுதியவர், சினிமா கம்பெனியில் வேலை பார்த்த ஒரு ரசிகை. பெயர் ஹோப். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். பெயரை வைத்தே விளையாட்டாக, கொஞ்சம் நம்பிக்கை அனுப்புவதாகக் கையெழுத்துப் போடுவாராம்!

ஆகஸ்டு மாதம் லுகோசி குணமாகி வெளியே வந்தார். அதே மாதத்தில் ஹோப்பைத் திருமணம் செய்துகொண்டார்.

மீண்டும் நடிக்கவும் போனார். 1956-ல் வந்த ஒரு படத்தில் அவருக்கு ஊமை வேலைக்காரன் வேடம் கிடைத்தது. குரலாலேயே புகழ் பெற்றவருக்கு ஒரு வசனம்கூட இல்லை!

அந்த ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, மாரடைப்பால் வீட்டிலேயே இறந்தார். வயது 73. டிராகுலாவின் கறுப்பு அங்கியை அணிவித்து அடக்கம் செய்தார்கள்.