ஸ்ரீ நாராயண குரு சுவாமிகள்

இம்மாதம் மலையாள நாட்டு ஸ்ரீ நாராயண குரு சுவாமிகளின் சரிதத்தைச் சுருக்கமாய் எழுதத் துணிந்தோம். ஒரு ஜாதியார் கூடிய சங்கத்திற்குத் தலைவராயிருந்து, பின்னர் அச்சங்கத்தின் ஜாதியபிமானத்தைக் கண்டு விலகியவர் அவர். ஆதலின் நம்மனோர் அச்சரிதத்தைக் கருத்தூன்றிப் படித்தல் தகும்.

சுவாமிகள் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள செம்பழந்தியில் ஈழவர் குலத்தில் அவதரித்தார். தந்தையார் மாடன் ஆசான், தாயார் குட்டியம்மாள், பிள்ளைப் பெயர் நாணு. வடமொழியைக் கும்மம்பிள்ளி இராமன் பிள்ளை ஆசானிடம் பயின்று, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, நாணு ஆசான் எனப் பெயர் பெற்றார். யோகமார்க்கத்தில் அவருக்கு வழிகாட்டிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். சுவாமிகள் தவம் இயற்றியதும் கன்னியாகுமரியை அடுத்த மருத்துவாமலையிலேயாம். தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியுள்ளார். திருக்குறளிற் சில பகுதிகளை மலையாளத்திற் பெயர்த்துமிருக்கிறார். இவற்றை நம்மவருட் பலர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

அக்காலத்துத் திருவிதாங்கூரில் ஈழவர் பெருங்கோயில்களுட் புகலாகாது. சில கோயில்களைச் சூழ்ந்த வீதிகளிலும் நடக்கலாகாது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று சுவாமிகள் நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து, அருவிப்புறத்தில் அதனையே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அதற்கு அவருக்கு அதிகாரம் ஏது என்று வினவிய மேற்குலத்தார்க்கு, தாம் ஸ்தாபித்தது ஈழவர் சிவனையே என்று விடையிறுத்தனராம். சாந்தமான அவ்விடைக்கு மறுமொழி கூற யாரால் ஆகும்! ஜாதிபேதமும் மதத்துவேஷமும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடமாக அது விளங்கவேண்டுமென்னும் கருத்தை அங்கே பொறிப்பித்தார்.

அக்கோயிற் காரியங்களைப் பார்த்த சிறு சபையே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. சுவாமிகள் தலைவர், மகாகவி குமாரன் ஆசான் காரியதரிசி. வைத்தியப் படிப்பில் தேர்ந்தும் சொந்த ராஜ்யத்தில் உத்தியோகம் மறுக்கப்பட்டு மைசூரில் ஊழியம் செய்த டாக்டர் பல்பு அவர்களின் உழைப்பும் அதிற் பெரிது. பள்ளிகளும் கோயில்களும் பல எழுந்தன. கள்ளிறக்குதல் தம் குலத்தாருட் பலர்க்கு ஜீவனமாயிருந்தும், கள்ளை ஆக்குதலும் விற்றலும் குடித்தலும் கூடாவென்று சுவாமிகள் கண்டித்தார்.

எனினும் யோகத்தார் மனத்தில் ஜாதியபிமானம் மிகுந்தது. 1916-இல் சுவாமிகள், தமக்கு ஜாதியில்லை யென்றும், தம்மை ஒரு ஜாதிக்கு உரியவராகக் கொள்ளுதல் பிழையென்றும் பகிரங்கமாக அறிவித்தார்; யோகத்தினின்று விலகுவதாக டாக்டர் பல்புவுக்கும் எழுதினார். இதனை ஒருகாலத்துக் கோபத்தின் விளைவென்று கொள்ளுதல் பொருந்தாது. அருவிப்புறத்திற் பொறித்த கருத்தே இருபத்தெட்டு ஆண்டுகட்குப் பின் சங்கத்தின்மேற் செலுத்தப்பட்டதென்பதே எம் துணிபு. சங்கமோ அவர் பெயரைக் கைவிடவில்லை. அவரும் அம்மக்களைக் கைவிட்டாரல்லர். 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிய காலை, தம் வெள்ளூர் ஆசிரமத்தைத் தொண்டர்க்கு அளித்துப் பொருளுதவியும் செய்தார். அவ்வாண்டே ஆலுவாயிற் சர்வமத மகாநாடும் கூட்டினார்.

1922-இல் கவி தாகூரும், 1925-இல் காந்தியடிகளும் அவரைத் தரிசித்தனர். கீர்த்தி பெருகப் பெருக, அவரை அவதாரமென்பாரும் வெறும் சீர்திருத்தக்காரரென்பாரும் இரு திறத்தாராயினர். சுவாமிகளோ 1927-இல் களவங்கோட்டுக் கோயிலில் விக்கிரகத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். 1928 செப்டம்பர் 20-ஆம் நாள் வர்க்கலை சிவகிரியில் சமாதியடைந்தார். திருவிதாங்கூர்க் கோயிற்கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936-இல். இன்று கேரளத்தில் வீதி முனைகள்தோறும் கண்ணாடிப் பேழைக்குள் அவர் திருவுருவமே வைத்து வணங்கப்படுகின்றது.